கபடிச் சட்டைகளில் ஒரு போர்வை

எங்கள் டயாலிசிஸ் பிரிவிற்கு வருவோர் எங்களிடம் மிகுதியாக முறையிடுவது எதைப் பற்றி என்று கேட்டால், ஊசி குத்தும் வலியைப் பற்றி என்றோ தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றி என்றோ பலர் எண்ணக்கூடும். அவையும் உண்டு. ஆனால் நாள் தவறாமல் நாங்கள் கேட்பது குளிரைப் பற்றித்தான். சித்திரை வெயிலில் வியர்வை வழிய ஆட்டோவிலிருந்து இறங்கும் ஒருவர், இயந்திரத்துடன் இணைக்கப்பட்ட அரைமணி நேரத்திற்குள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, “ஏசியைக் கொஞ்சம் குறைங்க சிஸ்டர்” என்பார்.

இதற்குக் காரணங்கள் உண்டு. சிகிச்சையின்போது உடலின் இரத்தத்தில் ஒரு பகுதி எந்நேரமும் உடலுக்கு வெளியே, குழாய்களிலும் வடிகட்டியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அது சற்றே வெப்பத்தை இழந்து திரும்புகிறது. இரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் இருக்க, சிலருக்கு நாங்களே டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தை உடல் வெப்பத்திற்குக் கீழே வைக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தசோகையும் இருப்பதால் குளிர் இன்னும் கூடுதலாகத் தெரியும். இயந்திரங்களுக்காகக் குளிரூட்டியை நிறுத்தவும் முடியாது. ஆகவே போர்வைதான் ஒரே வழி. வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்றால் ஆண்டிற்கு 624 மணி நேரம். ஒரு மனிதர் அத்தனை நேரம் எந்தப் போர்வையின் கீழ் படுத்திருக்கிறார் என்பது சிறிய செய்தி அன்று என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம். உணர்த்தியவர்கள் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினருமே. அவர்கள் இசைவு பெற்று, அடையாளங்களைத் தவிர்த்து, நடந்ததை இங்கே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் எங்கள் பிரிவில் சேர்ந்தார். கபடி வீரர். ஊர் அணியில் பாடிப் போகிறவர். கோவில் திருவிழாப் போட்டிகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் அழைப்பு வரும் அளவிற்குப் பெயர் பெற்றவர். முகவீக்கமும் மூச்சுத்திணறலுமாக வந்தபோது இரு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. இடக்கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டது. முதல் மூன்று மாதங்களில் அவர் எங்களிடம் பேசிய சொற்களை ஒரு தாளில் எழுதிவிடலாம். நாங்களும் அவரிடம் பொட்டாசியம் அளவையும் எடை கூடியதையும் தவிர வேறு எதையும் பெரிதாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய தாய் பனியன் கம்பெனியில் கைமடி வேலை செய்தவர். அவரே சிறுநீரகம் தர முன்வந்தார். மகன் மறுத்தார். “கபடி ஆட முடியுமான்னு கேட்டேன், முடியாதுன்னுட்டீங்க. அப்புறம் அம்மாவையும் படுக்க வெச்சு எதுக்குங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு உடனே தக்க விடை சொல்ல எங்களால் இயலவில்லை. பொருத்தப்படும் சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில், எலும்புக்கூட்டின் காப்பு இல்லாத இடத்தில் வைக்கப்படுகிறது. முழங்காலும் தோளும் வந்து மோதும் ஆட்டம் அதற்கு ஆகாது. பொய் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க நாங்கள் விரும்பவில்லை.

ஒருநாள் தாயார் ஒரு பெரிய நெகிழிப் பையுடன் வந்தார். உள்ளே ஆட்டச் சட்டைகள். சிவப்பு, ஊதா, பச்சை, கிளிப்பச்சை, முதுகில் எண்கள், மார்பில் உள்ளூர்ப் பாத்திரக்கடையின் பெயர், மரக்கடையின் பெயர். குப்பையில் போடச் சொன்னானாம் மகன். போட மனமில்லை, வீட்டில் வைத்தால் பார்த்துப் பார்த்து அவன் முகம் திருப்பிக்கொள்கிறான், மருத்துவமனையில் யாராவது ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அந்தப் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர். அறுபதைக் கடந்தவர், நாற்பதாண்டுகள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். எங்கள் பிரிவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்போம். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களோடு கண்பார்வையிலும் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. துணியைக் கண்ணருகே கொண்டுபோகாமல், இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, “முழுப் பாலியெஸ்டர். வேர்வை குடிக்காது. போர்வைக்கு மேல்பக்கமா போட்டா அழுக்கு சேராது” என்றார். அப்படித்தான் இது தொடங்கியது.

மருத்துவர்களாகிய எங்களுக்குத் திட்டமில்லாமல் எதையும் செய்யத் தெரியாது. அன்று மாலையே கட்டத்தாளில் ஒரு வரைபடம் போட்டோம். ஆறங்குலச் சதுரங்கள், ஏழு வரிசை, பத்து நிரை. நடுவே கபடிக் களம். மாஸ்டரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டை எப்படி வெட்டப்பட்டதோ அப்படித்தான் துணி கிடைக்கும். அக்குளில் வளைவு, கழுத்தில் குழிவு, கையில் சரிவு. ஆறங்குலச் சதுரமாக வெட்டினால் பாதித் துணி வீணாகும் என்றார். அதுவும் பின்னல் துணி இழுத்தால் இழுபடும், அளவு நிற்காது. “துணி எப்படி வருதோ அப்படிப் போகணும் டாக்டர்.”

அவர் சொன்னது புதிய செய்தி அன்று என்பதைப் பின்னர் எங்கள் மருத்துவர்களில் ஒருவர் காட்டிய புகைப்படங்களிலிருந்து அறிந்தோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் ஊர். குளிர் புகும் மரவீடுகளில் பிள்ளைகளைக் காக்க, அங்குள்ள பெண்கள் கிழிந்த உழைப்புச் சட்டைகளையும் முழங்கால் தேய்ந்த கால்சட்டைகளையும் வெட்டிப் போர்வைகள் தைத்தார்கள். அச்சும் இல்லை, அளவுகோலும் இல்லை. ஒரு துண்டின் பக்கத்தில் இன்னொரு துண்டை வைத்துப் பார்ப்பது, பிடித்தால் தைப்பது, குறைந்தால் ஒரு பட்டை சேர்ப்பது, மிஞ்சினால் கத்தரிப்பது. 1966ஆம் ஆண்டில் அந்த வட்டாரப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்தார்கள். 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்திற்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தபோது, வெட்டி மிஞ்சிய துண்டுகள் அவர்கள் வீட்டுப் போர்வைகளுக்குள் புகுந்தன. கம்பெனி வேஸ்ட் வீட்டிற்கு வருவது நம் பக்கத்தில் மட்டும் நடப்பதன்று என்று மாஸ்டருக்கு அதில் தனி மகிழ்ச்சி. 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றில் பத்தின் உருவங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

அவற்றுள் ஒரு போர்வையின் கதையைத் தாயார் திரும்பத் திரும்பக் கேட்டார். மிசோரி பெட்வே என்னும் பெண்மணி, கணவர் இறந்தபின் 1942இல், அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் வெட்டி, மகளின் துணையோடு தைத்த போர்வை அது. மண்ணின் கறையும் வெயிலில் வெளிறிய தடமும் அப்படியே இருக்கின்றன. கழற்றிய சட்டைப்பை இருந்த இடத்தில் நிறம் சற்று அடர்த்தியாகத் தெரியும். தாயார் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “என் பையன் இருக்கானுங்களே, இருக்கும்போதே தெச்சுக் குடுத்தறலாம்” என்றார்.

நம் அண்டையிலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுமாறு வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி நேரோட்டத் தையல் போட்டுக்கொண்டே வருவது அவர்கள் முறை. அதிலும் முன்வரைவு கிடையாது. நம் வீடுகளில் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையை நினைவு வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். தொழில்திறம் அதே கைகளில் இருந்தது. அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க யாரும் வரவில்லை, அவ்வளவே.

இனி, தைத்த விதம். செய்ய விரும்பும் குடும்பத்தினருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

சட்டைகளை முதலில் துவைத்து, தையலை ஒட்டி வெட்டி முன்பாகம், பின்பாகம், கைகள் என்று பிரித்துக்கொண்டார்கள். தையல் தடித்த இடங்களைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆட்டச் சட்டைத் துணி வழுக்கும், நீளும். அதை அப்படியே பருத்தித் துணியோடு சேர்த்தால் ஒருபக்கம் அலையடிக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும், சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மிக மெல்லிய வகையை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் சூட்டில் உருகும். முதுகில் ஒட்டிய எண்கள் அதைவிட விரைவில் உருகும். முதல் நாளே ஒரு ‘3’ இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் சூட்டைக் குறைத்து, மேலே ஈரமில்லாத பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, பின்பக்கமாகவே தேய்த்தார்கள்.

அடுத்தது வெட்டுவது. மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக் கோடு போடாமல் வெட்டினார். கண் சரியாகத் தெரியாதவர் எப்படி வெட்டுகிறார் என்று நாங்கள் வியந்தோம். நாற்பதாண்டுப் பழக்கத்தில் கைக்கே கண் இருந்தது. சற்றே சரிந்த பட்டைகள், ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய துண்டுகள். இரண்டை நேருக்கு நேர் வைத்து, தையலுக்குக் கால் அங்குலத்திற்குப் பதிலாக அரை அங்குலம் விட்டுத் தைத்தல். பின்னல் துணி பிரியாமலிருக்க அந்தக் கூடுதல் ஓரம் வேண்டும். தைத்தபின் விரித்துத் தேய்த்தல். ஓரத்தை ஒரே நேராக வெட்டிவிட்டு அடுத்த துண்டைச் சேர்த்தல். இப்படி ஓரடி அகலத் துண்டங்கள் பல தயாராயின. கைத்தையலுக்குச் சாதாரண ஊசியும், தாயார் வீட்டுத் தையல் இயந்திரத்தில் பின்னல் துணிக்கென விற்கும் முனைமழுங்கிய ஊசியும் பயன்பட்டன. கூர் ஊசி இழையை அறுத்துத் துளை போடும்.

நிறம்தான் சண்டையாயிற்று. ஆட்டச் சட்டைகள் எல்லாம் உரக்கக் கத்தும் நிறங்கள். சேர்த்து வைத்தால் திருவிழாக் கடைவீதி போலிருந்தது. இன்னொரு நோயாளியின் மனைவி, அமைதியான துணி நடுவே நடுவே வேண்டும் என்றார். வீட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஃப்ளீஸ் வெட்டுத்துணியும், வெளிறிய பழைய வேட்டிகளும் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் பச்சையும் வந்த இடங்களில் ஒரு விரல் அகலத்திற்கு வேட்டித் துணி புகுந்ததும், போர்வை மூச்சுவிட்டதுபோல் ஆயிற்று.

அந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துத்தான் இளைஞர் முதன்முதலாக வாய் திறந்தார். கட்டிலில் படுத்தபடி, “அது நடுக்கோடு மாதிரி இருக்கு” என்றார். யாரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “ஆனா பாக் லைன் அங்க வராது” என்றார். மாஸ்டர் துணியை அவர் பக்கம் நீட்டி, எங்கே வரும் என்று கேட்டார். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றும், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு என்றும் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் செவிலியர் ஒருவர் மருந்துச்சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார். போர்வையில் அந்த அளவெல்லாம் நிற்கவில்லை. கோடுகள் சாய்ந்தன, ஒன்று பாதியில் நின்றது. “மழையில நனஞ்ச களம்னு வெச்சுக்கலாம்” என்று அவரே முடித்துவைத்தார். மறுவாரத்திலிருந்து டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மாஸ்டர் வீட்டிற்குப் போய் அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கத் தொடங்கினார் என்பதைத் தாயார் சொல்லித்தான் அறிந்தோம்.

நாங்கள் விதித்த கட்டுப்பாடுகளையும் இங்கே எழுத வேண்டும். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுக்கிறோம். அன்று விரலில் ஊசி குத்தினால் இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே சிகிச்சை நடக்கும் நேரத்தில் நோயாளி தைக்கக் கூடாது. துண்டுகளைத் தேர்ந்து சொல்லலாம், அவ்வளவே. தைப்பது மறுநாட்களில். சர்க்கரை நோயால் விரல்களில் உணர்ச்சி குன்றியவர்கள் விரற்சிமிழ் அணிந்தே தைக்க வேண்டும். மாஸ்டர் பழைய பித்தளை அங்குஸ்தானைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். காத்திருப்புக் கூடத்தில் தைக்கும் குடும்பத்தினர் ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். பத்து ஊசி போனால் பத்தும் திரும்பிய பின்னரே பெட்டி மூடப்படும். ஒருவர் போர்வையை மற்றவர் வாங்கிப் போர்த்தக் கூடாது. இரத்தம் பட்டால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தால் பரவுபவை.

இவ்வளவு யோசித்த நாங்கள் மிக எளிய ஒன்றை யோசிக்கவில்லை.

கார்த்திகையில் போர்வை முடிந்தது. 42 அங்குல அகலம், 60 அங்குல நீளம். மேலே ஆட்டச் சட்டைகள், நடுவே ஃப்ளீஸ், கீழே இரட்டை வேட்டி. ஐந்து அங்குலத்திற்கு ஒன்றாக மூன்று அடுக்கையும் சேர்த்து இழுத்துப் போட்ட முடிச்சுகள். முதல்நாள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் இளைஞர் போர்வைக்குள் நன்றாக உறங்கிவிட்டார். புரண்டபோது போர்வை இடக்கையின்மேல் சரிந்தது. இரத்தத்தைத் திரும்ப உடலுக்குள் செலுத்தும் ஊசி பாதி நழுவியது. இயந்திரத்தின் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஊசி நழுவினால் எப்போதும் மணி அடிக்கும் என்று எண்ணுவது தவறு. குழாயில் அழுத்தம் போதிய அளவு குறையாவிட்டால் இயந்திரத்திற்குத் தெரியாது. நிமிடத்திற்கு 300 மில்லிலிட்டர் அளவில் இரத்தம் ஓடும் சிகிச்சை இது. கட்டிலருகே அமர்ந்திருந்த தாயார் போர்வையின் ஓரம் ஈரமாக இருப்பதைக் கையால் உணர்ந்து கூவினார். டெக்னீஷியன் நொடியில் பம்பை நிறுத்தினார். நல்லவேளையாக நழுவியது பாதிதான். வெளியேறிய இரத்தம் குறைவு. அன்று மாலையே அவர் வீட்டிற்குச் சென்றார்.

ஃபிஸ்டுலாக் கையும் ஊசி இடமும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கள் துறையின் அடிப்படை விதி. பாடம் எடுப்பவர்கள் நாங்கள். அழகிய போர்வை ஒன்றைப் பார்த்த மகிழ்ச்சியில் அதை மறந்தவர்களும் நாங்களே. தவறு தைத்தவர்களுடையது அன்று. தாயாரிடமும் மகனிடமும் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். மூன்று வாரங்களுக்கு வீட்டுப் போர்வைகள் எதையும் உள்ளே அனுமதிக்கவில்லை. அந்த மூன்று வாரமும் பிரிவில் நிலவிய அமைதி எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வழியைக் கண்டவர் மாஸ்டர். துவைத்து உலர்ந்த போர்வையை இளைஞர்மீது விரிக்கச் சொல்லி, இடக்கை எங்கே கிடக்கும் என்று தடவிப் பார்த்து, சாக்குக்கட்டியால் அடையாளமிட்டார். பிறகு கத்தரிக்கோலை வைத்தார். இத்தனை மாத உழைப்பை வெட்டுகிறாரே என்று எங்கள் செவிலியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இடப்பக்கத்தில் 20 அங்குல நீளத்திற்கு, 14 அங்குல ஆழத்திற்கு ஒரு வளைவு வெட்டப்பட்டது. அளவெடுத்துத் தைத்த போர்வையாக இருந்தால் அங்கே ஒரு வரிசையே பாழாகியிருக்கும். இதில் பாழாக வரிசையென்று எதுவும் இல்லை. வெட்டிய ஓரம் முழுவதும் அடர்ந்த மஞ்சள் பட்டை வைத்து மடித்துத் தைத்தார்கள். கைக்குச் சுற்றிலும் மஞ்சள் தெரிந்தால் போர்வை இடத்தில் இருக்கிறது. மஞ்சள் தெரியாவிட்டால் சரிந்துவிட்டது. அறையின் மறுகோடியிலிருந்தே செவிலியரால் அதைப் பார்க்க முடிகிறது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கைச் சின்னத்தை எந்தக் குழுக்கூட்டத்திலும் நாங்கள் வகுத்ததில்லை. இன்று எங்கள் பிரிவிற்குள் வரும் வீட்டுப் போர்வை எதுவாயினும் அப்படி வெட்டி, மஞ்சள் ஓரம் வைத்திருக்க வேண்டும்.

வெட்டி எடுத்த துண்டில் எண் 7 இருந்தது. அது இளைஞருடைய எண். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாயார் வேறிடத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். பிறகு அவரே அதற்குள் ஃப்ளீஸ் துண்டுகளை அடைத்துச் சிறு திண்டாகத் தைத்தார். கோணலான தையல், ஆயினும் உறுதியானது. சிகிச்சையின்போது ஃபிஸ்டுலாக் கை அதன்மேல் கிடக்கிறது, திறந்தபடி. தினமும் கழற்றித் துவைக்க வெளியே ஒரு வெள்ளை உறை உண்டு.

அந்தத் திண்டைத் தைத்த நாட்களில்தான் அவர் விளையாட்டைப் பற்றி மறுபடியும் கேட்டார். இம்முறை நாங்கள் முடியாது என்பதோடு நிறுத்தவில்லை. கபடி இல்லை, ரக்பி போன்ற மோதல் ஆட்டங்கள் இல்லை; அதில் மாற்றமில்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தோடு விளையாடியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் அலோன்சோ மோர்னிங்கிற்கு 2003 டிசம்பரில் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2006இல் அவருடைய மயாமி ஹீட் அணி என்.பி.ஏ. பட்டம் வென்றது. அவருக்கு முன்பே ஷான் எலியட் 1999இல் தம் அண்ணன் தந்த சிறுநீரகத்தைப் பெற்று, அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆடுகளம் திரும்பினார். குரோஷியக் கால்பந்து வீரர் இவான் கிளாஸ்னிச்சின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். 2007இல் அவருடைய தாய் தந்த சிறுநீரகத்தை உடல் ஏற்கவில்லை. அதே ஆண்டில் தந்தை தந்தது நிலைத்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் அவர் கோல் அடித்தார். அவர்கள் தனிக் காப்பு அணிந்தோ, பெரும் மருத்துவக் குழுவின் கண்காணிப்பிலோ ஆடிய தொழில்முறை வீரர்கள். அதைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது என்பதையும் சேர்த்தே சொன்னோம். உறுப்புமாற்றம் பெற்றவர்களுக்கென 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கிய விளையாட்டுப் போட்டிகள் இன்றும் உலக அளவில் நடக்கின்றன. ஓட்டம், நீச்சல், பூப்பந்து, கைப்பந்து எல்லாம் உண்டு. கபடி இல்லை.

“தாய் கொடுத்தது நிக்கலீங்களா?” என்று மட்டும் கேட்டார். நிற்காமல் போகும் வாய்ப்பு உண்டு, நிலைக்கும் வாய்ப்பே அதைவிட மிகுதி, முன்பரிசோதனைகள் அதற்காகவே என்றோம். அம்மாவிற்கு என்ன ஆகும் என்று கேட்டார். ஒரு சிறுநீரகத்துடன் நலமாக வாழலாம் என்பதையும், அறுவைக்கும் அதன் பின்னும் உள்ள இடர்களையும், தாயின் உடல்நிலையில் சிறு ஐயம் எழுந்தாலும் நாங்களே நிறுத்திவிடுவோம் என்பதையும் விளக்கினோம். அன்று அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, எங்களிடம் சொல்லாமல் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் எங்களிடம் சொன்னார்: “டெஸ்ட்டுக்கு வரானாம். எடுத்து வெய்யுங்க.”

இரத்தப் பிரிவு பொருந்தியிருக்கிறது. தாயாருக்கு இதயப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்தன. சில முடிவுகள் வர வேண்டும். பின்னர் அரசின் ஒப்புதல் குழு முன்பு இருவரும் செல்ல வேண்டும். இன்னும் சில மாதங்கள் ஆகும். அதுவரை வாரம் 3 நாள், மஞ்சள் ஓரத்திற்குள் அந்தக் கை திறந்தே கிடக்கும். திருவிழாப் போட்டிகளில் இப்போது அவர் புள்ளிப் பலகை எழுதுகிறார். முதல்நாள் போய்வந்தவர், ரைடரின் கால் போனஸ் கோட்டைத் தாண்டவேயில்லை, நடுவர் புள்ளி கொடுத்துவிட்டார் என்று எங்களிடம் அரைமணி நேரம் வாதாடினார்.

கிரிக்கெட் சட்டைகள் இரண்டு பை நிறைய வந்திருக்கின்றன. புதிதாகச் சேர்ந்துள்ள பதினான்கு வயதுச் சிறுமிக்கு. அவள் வலக்கையில் ஃபிஸ்டுலா இருப்பதால் வளைவை மறுபக்கம் வெட்ட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில் காத்திருப்புக் கூடத்தில் தைக்கிறோம். வீட்டில் நைந்த பருத்தி வேட்டி இருந்தால், துவைத்துக் கொண்டு வாருங்கள். கீழடுக்கிற்கு அதுதான் குறைகிறது.